தாத்தா நோட்டும் கம்ப்யூட்டரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஏதோ பேச்சுவாக்குல "குடும்ப வரலாறை கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்க சாஃப்ட்வேர் இருக்கு, கத்துக்கறது பெரிய கஷ்டமில்ல"ன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல அதைப் பத்தின கேள்விதான். அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு, யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: அம்மா, எனக்கு 74 வயசு. எங்கப்பா கைப்பட எழுதின நோட்டு ஒண்ணு இருக்கு, நாலு தலைமுறை பேரு, யாருக்கு யார் பிள்ளைன்னு எல்லாம் இருக்கு. பேரன் "சாஃப்ட்வேர்ல போடுங்க தாத்தா"ங்கறான். எனக்கு கம்ப்யூட்டர்ல மெயில் பாக்க மட்டும்தான் தெரியும். எங்கேருந்து ஆரம்பிக்கறது? (ஓய்வு பெற்ற வாசகர்)

பதில்: ஐயா, முதல்ல கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. அந்த நோட்டை வெளிச்சத்துல வச்சு பக்கம் பக்கமா போன்ல போட்டோ எடுங்க, அட்டை, ஓரத்துல கிறுக்கினது, காலி பக்கம் உட்பட. அந்த நோட்டுதான் உங்க அசல் சாட்சி, நாளைக்கு நீங்க டைப் பண்றதுல தப்பு வந்தா திரும்பிப் பாக்க வேற எதுவும் கிடையாது.

அடுத்தது ஒரு வெள்ளைத்தாள். உங்களுக்கு நம்பர் 1. அப்பா 2, அம்மா 3. அப்பாவோட அப்பா 4, அப்பாவோட அம்மா 5, அம்மாவோட அப்பா 6, அம்மாவோட அம்மா 7. கணக்கு ரொம்ப சுலபம், யார் நம்பரா இருந்தாலும் ரெண்டால பெருக்கினா அவங்க அப்பா, அதோட ஒண்ணு கூட்டினா அம்மா. 13-ம் நம்பர் யாருன்னு கேட்டா, ஒத்தைப்படை, அதனால பொம்பளை, 6-ஓட அம்மா, அதாவது உங்க அம்மாவோட அப்பாவைப் பெத்தவங்க. இந்த நம்பர் முறையை 1590-லயே ஐட்சிங்கர்ங்கறவர் புத்தகமா போட்டுட்டார், இன்னிக்கும் நிறைய சாஃப்ட்வேர் முன்னோர் பட்டியல் போட இதைத்தான் பயன்படுத்துது. தாள்ல 15 நம்பர் வரைக்கும் நிரப்புங்க, எங்க எங்க ஓட்டை இருக்குன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

சாஃப்ட்வேர்ன்னா நான் கிராம்ப்ஸ் சொல்லுவேன். 2001-ல ஆரம்பிச்சது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், டேட்டா உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும், யாருக்கும் போகாது. ஆனா திறந்ததும் ஒரு மரம் வரையும்னு எதிர்பார்க்காதீங்க, வெறும் காலி திரைதான் வரும், அங்கதான் நிறைய பேர் பயந்து மூடிட்டு போயிடறாங்க. உள்ள நடக்கறது இதுதான்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை. ஒவ்வொரு ஜோடிக்கும் தனியா ஒரு "குடும்ப" அட்டை. பிள்ளைகளை அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ நேரா மாட்டறதில்ல, அந்த குடும்ப அட்டைல மாட்டணும். இது புரிஞ்சுட்டா முக்கால்வாசி முடிஞ்சது. மரம் படம் எல்லாம் கடைசில அதுவே வரைஞ்சு குடுக்கும்.

முதல் நாள் ஏழு பேரை மட்டும் போடுங்க. இன்ஸ்டால் பண்றதுக்கு பேரனை கூப்பிடுங்க, டைப் பண்றதை அவன்கிட்ட குடுத்துடாதீங்க, உங்கப்பா கையெழுத்தை படிக்கத் தெரிஞ்ச ஆள் இப்ப நீங்க ஒருத்தர்தான்.

கேள்வி: மேடம், எக்ஸெல்லே போதாதா? எதுக்கு தனியா ஒரு சாஃப்ட்வேர்? (ஐடி வாசகர்)

பதில்: முப்பது பேர் வரைக்கும் போதும். அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டாவது கல்யாணம்னு ஒண்ணு வரும், இல்லாட்டி சொந்தத்துக்குள்ளயே கட்டினதால ஒரே ஆள் அப்பா வழிலயும் அம்மா வழிலயும் வருவார், அப்ப அவரை எந்த வரிசைல, எந்த கட்டத்துல போடறதுன்னு முழிப்பீங்க. சாஃப்ட்வேர்ல அவருக்கு ஒரே அட்டைதான், ரெண்டு இடத்துல மாட்டிடலாம். எக்ஸெல்லை தூக்கிப் போடாதீங்க, யார்கிட்ட என்ன கேக்கணும், யார்கிட்ட எந்த போட்டோ இருக்குன்னு லிஸ்ட் வைக்க அதை விட்டா வேற இல்ல.

கேள்வி: அக்கா, எங்க பாட்டி அவங்க பிறந்த வருஷத்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா சொல்றாங்க. அடையாள அட்டைல 1938, பழைய பள்ளிக்கூட சர்டிஃபிகேட்ல 1940, அவங்க சொல்றது "பெரியக்காவுக்கு கல்யாணம் ஆனப்ப நான் கைக்குழந்தை". நான் எதைப் போட? சாஃப்ட்வேர் முழு தேதி கேக்குது, அதனால இப்போதைக்கு 1938 ஜனவரி 1-ன்னு போட்டு வச்சிருக்கேன். (கல்லூரி மாணவி)

பதில்: அய்யோ, அந்த ஜனவரி 1-ஐ உடனே எடுத்துடும்மா! இந்த மாசம் வந்ததுலயே எனக்கு பிடிச்ச கேள்வி உன்னோடதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

சாஃப்ட்வேர் முழு தேதி கேக்கல, கட்டம் காலியா இருக்கறதைப் பாத்து நீயா அப்படி நினைச்சுக்கிட்ட. குடும்ப வரலாறு சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் "சுமாரா", "அதுக்கு முன்னாடி", "அதுக்கு அப்புறம்", "இதுக்கும் இதுக்கும் நடுவுல"ன்னு தேதி போட வழி இருக்கு. வெறும் வருஷம் மட்டும் போடலாம். 1938-க்கும் 1940-க்கும் நடுவுலன்னு போட்டா அது உண்மை. ஜனவரி 1-ன்னு போட்டா அது நீ உண்டாக்கின பொய், இருபது வருஷம் கழிச்சு உன் பொண்ணு அதைப் பாத்து கொள்ளுப்பாட்டி நியூ இயர் அன்னிக்கு பிறந்தாங்கன்னு நம்பிடுவா.

அடுத்தது, மூணுல எது சரின்னு நீ இப்பவே தீர்ப்பு சொல்ல வேண்டியதில்ல. பிறப்புங்கற நிகழ்ச்சிக்கு மூணு ஆதாரத்தையும் தனித்தனியா சேர்த்து வை. கிராம்ப்ஸ்ல ஒவ்வொரு ஆதாரத்துக்கும் எவ்வளவு நம்பலாம்னு ரொம்பக் குறைவுலேருந்து ரொம்ப அதிகம் வரைக்கும் அஞ்சு படி இருக்கு. அதுக்கு நான் பாக்கற முதல் விஷயம், இதை யார் சொன்னாங்க, எப்ப சொன்னாங்கங்கறது. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப எழுதினது சம்பவத்துக்கு அஞ்சாறு வருஷத்துக்குள்ள எழுதினது, ஆனா வயசை கூட்டியோ குறைச்சோ சொல்லி சேக்கறதும் நடக்கும். அடையாள அட்டை அறுபது எழுபது வருஷம் கழிச்சு வந்தது, அதுக்கு யாரோ வாயால சொன்ன வருஷமாத்தான் இருக்கும். பாட்டி சொல்றது பாரு, அதுல வருஷமே இல்ல, ஆனா அதுதான் பலமான துப்பு. பெரியக்கா கல்யாண பத்திரிகை யார் வீட்டு பெட்டிலயாவது கிடக்கும், தேடு. அது கிடைச்சா கைக்குழந்தைங்கறதை வச்சு ஒரு வருஷம் முன்ன பின்ன கண்டுபிடிச்சுடலாம்.

பழைய ஆட்கள் பிரபவ, விபவன்னு வருஷப் பேர் மட்டும் சொன்னாங்கன்னா ஒரு எச்சரிக்கை. அந்த பேர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். தாது வருஷம்னா அது 1876-லயும் ஆரம்பிச்சிருக்கு, 1936-லயும், 1996-லயும். அதோட வருஷம் ஏப்ரல் நடுவுல மாறுது, அதனால 1936-ல ஆரம்பிச்ச தாதுல மாசி மாசம்னா அது 1937. சொன்ன பேரை அப்படியே குறிப்புல எழுதி வச்சுட்டு, கணக்கு போட்டு வந்த ஆங்கில வருஷத்தை "கணக்கிட்டது"ன்னு குறிச்சுடு. அதுக்கும் கிராம்ப்ஸ்ல இடம் இருக்கு.

பாட்டியை "சரியா சொல்லுங்க"ன்னு மட்டும் நச்சரிக்காத. அப்புறம் வாயே திறக்க மாட்டாங்க.

கேள்வி: தாத்தா பேசறதை ரெக்கார்ட் பண்ணலாம்னு உக்காந்தா "எனக்கு என்னப்பா தெரியும்"ங்கறார். ரெக்கார்டரை அணைச்சதும் மணிக்கணக்கா பேசறார். என்ன செய்ய? (வாசகர்)

பதில்: "உங்க வாழ்க்கை வரலாறை சொல்லுங்க"ன்னு கேட்டா யாருக்குத்தான் வாய் வரும். ஒரு பழைய போட்டோவை கைல குடுத்துட்டு "இது யாரு, பின்னாடி தெரியுதே அது யார் வீடு"ன்னு கேளுங்க. இல்லாட்டி "சின்ன வயசுல நீங்க இருந்த வீட்டுல வாசப்படி ஏறினா முதல்ல என்ன இருக்கும்"னு ஆரம்பிங்க, ரூம் ரூமா நடந்து போவார், ஒவ்வொரு ரூம்லயும் ஒரு ஆள் உக்காந்திருப்பாங்க.

போன்ல இருக்கற ரெக்கார்டரே போதும், தனி மைக் வாங்க ஓடாதீங்க. ஃபேனை நிறுத்துங்க, டிவியை நிறுத்துங்க, போனை அவருக்கு ஒரு முழம் தள்ளி மெத்துன்னு ஒரு துணி மேல வைங்க. போனை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. இதை நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, என் பெரியத்தை பேசிக்கிட்டிருக்கும்போது நடுவுல ஒரு கால் வந்து ரெக்கார்டிங் நின்னு போச்சு, அதை கவனிக்காம நான் பாட்டுக்கு நாப்பது நிமிஷம் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்க மறுபடி சொன்னாங்க, ஆனா சுருக்கி சொன்னாங்க, ரெண்டாம் தடவை எப்பவும் அப்படித்தான்.

ஆரம்பத்துல உங்க குரல்லயே தேதி, யார் யார் உக்காந்திருக்கோம்னு சொல்லிடுங்க. முக்கா மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க. அன்னிக்கு ராத்திரியே ஃபைலை கம்ப்யூட்டருக்கு மாத்தி வருஷம்-மாசம்-தேதி, அப்புறம் பேர்னு பேர் வைங்க, அப்ப ஃபோல்டர்ல தானா கால வரிசைல நிக்கும். அப்புறம் சாஃப்ட்வேர்ல அந்த ஃபைலையே ஒரு ஆதாரமா பதிஞ்சு, "17-வது நிமிஷம்"னு குறிச்சுட்டு அதுல வர்ற ஒவ்வொரு தகவலையும் அதோட இணைங்க. முழுசையும் எழுத்தாக்கணும்னு ஆரம்பிச்சா நடக்காது, நான் முயற்சி பண்ணி பாதில விட்டது மூணு இருக்கு. நிமிஷக் குறிப்பு மட்டும் போதும்.

கேள்வி: பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்க சித்தப்பா குடும்ப வரலாறு முழுசும் டைப் பண்ணி வச்சார். இப்ப திறந்தா ஒரே கிறுக்கலா, இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா வருது. போச்சா? இன்னொண்ணு, பேரை தமிழ்ல போடறதா இங்கிலீஷ்லயா? (இல்லத்தரசி)

பதில்: போகல. அவர் யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லாத பழைய ஃபான்ட்ல அடிச்சிருப்பார், பாமினி மாதிரி ஏதாவது ஒண்ணு. அதுல ஃபைலுக்குள்ள இருக்கறது நிஜமா இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட் அதுக்கு தமிழ் உருவத்தை மாட்டி காட்டுச்சு, ஃபான்ட் இல்லாததால வேஷம் கலைஞ்சு போச்சு. எந்த ஃபான்ட்னு கண்டுபிடிச்சுட்டா யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்ட்டர் இணையத்துல நிறைய இருக்கு. மாத்தினப்புறம் பேரையும் நம்பரையும் ஒரு தடவை கண்ணால சரி பாருங்க, அங்கதான் சொதப்பும். பழைய ஃபைலை அழிக்காதீங்க.

பேரை தமிழ்லயே போடுங்க, இங்கிலீஷ் எழுத்துல இருக்கற வடிவத்தை "மாற்றுப் பெயர்"னு கூடவே சேர்த்துடுங்க, ஏன்னா சர்டிஃபிகேட்ல ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், வீட்டுல கூப்பிடற பேர் வேற. எல்லாமே ஒரே ஆள்தான்னு அப்புறம் யாருக்குத் தெரியும். சாஃப்ட்வேர் குடும்பப் பேர் கேக்கும், நம்மள்ல நிறைய பேருக்கு அப்படி ஒண்ணு கிடையாது, இனிஷியல்தான். இனிஷியலை மட்டும் போடாம விரிச்சு அப்பா பேரை முழுசா போடுங்க, கிராம்ப்ஸ்ல அது தந்தை வழிப் பேர்னு குறிக்க வசதி இருக்கு. "க."ன்னு மட்டும் போட்டா கந்தசாமியா கருப்பையாவான்னு பேத்தி தலையை பிச்சுக்குவா. அதே மாதிரி "சின்னத்தாத்தா", "பெரியம்மா"ன்னு பேர் கட்டத்துல போடாதீங்க, உங்களுக்கு சின்னத்தாத்தா, உங்க பிள்ளைக்கு அவர் வேற ஏதோ.

கேள்வி: கஷ்டப்பட்டு எல்லாத்தையும் ஏத்தினப்புறம் அந்த கம்பெனியே மூடிட்டா? (சந்தேகப் பேர்வழின்னே போடுங்க)

பதில்: நியாயமான சந்தேகம், நடந்தும் இருக்கு. பர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல்னு ஒண்ணு, ரொம்ப வருஷம் நிறைய பேர் பயன்படுத்தின இலவச சாஃப்ட்வேர், 2013 ஜூலைல நிறுத்திட்டாங்க. ஆனா அதுல வச்சிருந்தவங்க டேட்டா போகல, காரணம் ஜெட்காம்.

1984-ல வந்த பொதுவான ஃபைல் வடிவம் அது. எந்த சாஃப்ட்வேர்லேருந்தும் ஜெட்காமா வெளிய எடுத்து வேற எதுலயும் ஏத்திக்கலாம். நோட்பேட்ல திறந்தா படிக்கவே முடியும், ஒவ்வொரு வரியும் 0, 1, 2-ன்னு ஒரு நம்பரோட ஆரம்பிக்கும், 0-ன்னா புது ஆள், புது குடும்பம் மாதிரி ஒரு புதுப் பதிவு, 1-ன்னா அவரைப் பத்தின விஷயம், 2-ன்னா அந்த விஷயத்துக்குள்ள தேதி, இடம். இன்னிக்கும் பெரும்பாலான சாஃப்ட்வேர் பேசறது 1999-ல வந்த 5.5.1-தான், 7.0 வந்தது 2021-ல.

ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. பழைய ஜெட்காம்ல போட்டோ போகாது, போட்டோ எங்க இருக்குங்கற விலாசம் மட்டும்தான் போகும், போட்டோ ஃபோல்டரை நீங்கதான் தனியா காப்பி பண்ணணும். 7.0-ல படத்தையும் சேத்து ஒரே மூட்டையா கட்ட வழி வந்திருக்கு, ஆனா அதை திறக்கற சாஃப்ட்வேர் உங்ககிட்ட இருக்கணுமே. இன்னொண்ணு, எடுத்து வச்சா மட்டும் போதாது, மாசம் ஒரு தடவை அந்த ஃபைலை வேற ஒரு சாஃப்ட்வேர்ல ஏத்திப் பாருங்க, தமிழ் எழுத்து ஒழுங்கா வருதா, ஆள் எண்ணிக்கை சரியா இருக்கான்னு. திறந்தே பாக்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்குல சேக்கறதில்ல. ஒரு காப்பி உங்க கம்ப்யூட்டர்ல, ஒண்ணு தனி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வேற வீட்டுல இருக்கற தங்கச்சிகிட்ட.

கேள்வி: எங்க மாமா ஒருத்தர் தத்துப்பிள்ளை. அதை சாஃப்ட்வேர்ல எழுதினேன்னு வீட்டுல பெரிய சண்டை. எழுதினது தப்பா? (பேர் வேண்டாம்)

பதில்: எழுதினது தப்பில்ல, எல்லாருக்கும் அனுப்பி வச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு. உங்க கடிதத்துல அதை ஒரு வரில கடந்து போயிட்டீங்க.

தகவல் பதிவுல இருக்கட்டும். பிள்ளைக்கும் பெத்தவங்களுக்கும் உள்ள உறவு பிறப்பு, தத்து, வளர்ப்புன்னு குறிக்க சாஃப்ட்வேர்லயே இடம் இருக்கு. கூடவே ஒரு பூட்டு படம் இருக்கும், அதை அழுத்தினா அந்த தகவல் தனிப்பட்டது. வெளிய அனுப்ப ஃபைல் எடுக்கும்போது "தனிப்பட்டதை விட்டுடு", "உயிரோட இருக்கறவங்களை விட்டுடு"ன்னு ரெண்டு டிக் போட்டா அதெல்லாம் போகாது. உயிரோட இருக்கறவங்க முழு பிறந்த தேதி, அம்மாவோட பிறந்த வீட்டுப் பேர் இதெல்லாம் இணையத்துல யாரும் பாக்கற மாதிரி போடவே கூடாது, பேங்க்ல ஆள் யாருன்னு சரிபாக்க கேக்கற கேள்வியே இதுதானே.

மாமாகிட்ட நேர்ல போய் பேசுங்க. அவர் வேண்டாம்னா அவர் இருக்கற வரைக்கும் பூட்டு போட்டு வைங்க.

கேள்வி: இணையத்துல ஒரு மரத்துல எங்க குடும்பம் இருபது தலைமுறைக்கு மேல போய் ஒரு ராஜாகிட்ட முடியுது. அப்படியே இறக்கிக்கலாமா? (உற்சாகமான வாசகர்)

பதில்: ராஜாவை விடுங்க, உங்க தாத்தாவோட தாத்தா பேருக்கு அதுல என்ன ஆதாரம் குடுத்திருக்காங்கன்னு பாருங்க. "இன்னொரு மரத்துலேருந்து எடுத்தது"ன்னு இருந்தா, அந்த இன்னொரு மரம் இதுலேருந்து எடுத்திருக்கும். பத்து தலைமுறை மேல போனாலே அந்த வரிசைல மட்டும் 1024 இடம், இருபதுன்னா 10 லட்சத்துக்கு மேல, அத்தனை பேர்ல ஒரு ராஜா இல்லாமலா போவார்? ஒவ்வொரு தலைமுறையா ஆதாரம் கேட்டு ஏறுங்க, எந்த படில ஆதாரம் நின்னு போகுதோ அங்க நீங்களும் நில்லுங்க. மொத்தமா இறக்கினா அப்புறம் பிரிச்சு எடுக்க முடியாது, உங்க ஃபைல் பாழ்.

கேள்வி: மேடம், பாட்டி பெட்டில ஒரு போட்டோ. ரெண்டு பொம்பளைங்க, ஒரு குழந்தை. பின்னாடி எதுவும் எழுதல, வீட்டுல யாருக்கும் தெரியல. தூக்கிப் போட மனசு வரல. (வாசகி)

பதில்: தூக்கிப் போடாதீங்க. முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் 600 டிபிஐல ஸ்கேன் பண்ணுங்க, பின்னாடி ஸ்டூடியோ முத்திரை மங்கலா இருக்கலாம், திரைல பெருசாக்கினா தெரியும். பேனாவால அதுல எதுவும் எழுதாதீங்க, பென்சில்கூட வேண்டாம், ஒரு உறைல போட்டு உறை மேல எழுதுங்க, எந்த பெட்டில, எதோட சேர்ந்து இருந்துச்சுன்னு. சாஃப்ட்வேர்ல படத்தை மட்டும் ஏத்தி "அடையாளம் தெரியல, பாட்டி பெட்டில கிடைச்சது"ன்னு குறிப்பு போட்டு வைங்க, ஆளோட இணைக்காதீங்க. யாராவது "இது நம்ம பெரியம்மா மாதிரி இருக்கே"ன்னாங்கன்னா அதையும் குறிப்புல எழுதுங்க, சொன்னவங்க பேர், தேதியோட. அப்புறம் சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்புங்க, வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், முகம் போயிடும்.

எனக்கும் ஒரு காப்பி இணைச்சிருந்தீங்க. பாத்தேன், எனக்கும் தெரியலைங்க, ஆனா இடது பக்கம் இருக்கறவங்க மூக்கு அப்படியே அந்த குழந்தைக்கு இருக்கு.